வழக்கில்லாத மானத் தீர்ப்பாயம்

தொன் நிக்காசியோ பிதெகாராய்க்குக் கோபம் வந்தால் அது சரியாக இரண்டு நாள் தங்கும். முப்பத்தைந்து வருஷம் பெதெர்னால் ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபமும் அவரிடம் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் புறப்பட்டுப் பழகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்களத்தில் ஏறும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நண்பன் ஓவிதியோ பெலுஃபோ தன் பேக்கரியிலிருந்து ஒரு கிலோ பிஸ்கோச்சோ ரொட்டியைத் தாளில் பொதிந்து எடுத்துவந்து கதவைத் தட்டும்போது இறங்கிப் போய்விடும். யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, யாரும் மன்னிப்பதுமில்லை. மாத்தே இலைத் தேநீர்க் குவளை கை மாறும், பிஸ்கோச்சோ தீரும், அத்தோடு சரி. இருபத்தாறு வருஷமாக உருகுவாயின் அந்த மூலையில் இப்படித்தான் நடந்துவந்தது.

ஆகையால் ஏப்ரல் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று போச்சாஸ் ஜோடி ஆட்டத்தில் அரையிறுதி. நிக்காசியோவும் பெலுஃபோவும் ஒரு ஜோடி. அந்த ஆட்டத்தில், முதலில் உருட்டிவிட்ட சின்னப் பந்துக்கு யாருடைய பெரிய பந்து அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. கண்ணால் தீர்மானிக்க முடியாவிட்டால் நாடா பிடித்து அளக்க வேண்டும். பெதெர்னாலில் அந்த நாடா நிக்காசியோவின் பையில்தான் இருக்கும். அவருடைய தகப்பனார் தொன் ஹஸிந்தோ பிதெகாராய் அந்த மாவட்டத்தில் பாதி நிலத்தை அளந்து கல் நட்ட சர்வேயர். எதிராளிகள்கூட, அளந்தது பிதெகாராய் என்றால் குனிந்து பார்க்காமலே ஒப்புக்கொள்வார்கள்.

அன்றைக்கு நிக்காசியோ மண்டி போட்டு அளந்தார். எழுந்து, புள்ளி எதிராளிக்குத்தான் என்றார்.

பெலுஃபோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார். "அடேய், ஒரு விரக்கடையைத் தூக்கித் தானமா குடுத்துட்டியே! உங்கப்பன் பண்ணைக்காரனுக்கு நிலம் அளந்த மாதிரியே அளக்குறியேடா!"

ஆட்டத்தைப் பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று அவர்களே ஜெயித்தார்கள். நிக்காசியோ நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டு, தொப்பியை எடுத்து, வீட்டுக்கு நடந்தார். இரண்டு நாள் கோபம்.

ஆனால் வேலியோரத்தில் கர்னல் பல்தசார் அர்ரியாகா வெர்முத் அருந்திக்கொண்டிருந்தார். அவர் காதில் அந்த வார்த்தை விழுந்துவிட்டது.

கர்னலைப் பற்றிச் சொல்லுமுன் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருகுவாய் நாட்டுச் சட்டப்படி, ஒருவன் கோபத்தில் இன்னொருவனைச் சுட்டால் அவன் குற்றவாளி. அவன் கோபத்தை மூன்று பெரிய மனிதர்கள் முன்கூட்டியே படித்துப் பார்த்து, சரிதான் என்று கையெழுத்துப் போட்டபின் சுட்டால் அவன் கனவான். அந்த மூவருக்கு மானத் தீர்ப்பாயம் என்று பெயர். தலைநகரில் வழக்கு வந்தால்தான் மூவரைத் தேடுவார்கள். பெதெர்னாலில் வழக்கு வருவதற்கு முன்பே மூவரும் தயாராக இருந்தார்கள். தலைவர் கர்னல். செயலர் நோட்டரி மென்ச்சாக்கா. மூன்றாமவர் பல் மருத்துவர் லர்ராவுரி. அவர் கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார்.

பதினோரு வருஷமாக அவர்களுக்கு வழக்கே இல்லை. கடைசியாக வந்தது ஒரு பேண்டு வாத்தியக்காரரின் வழக்கு. அவர் தீர்ப்புக்கு முந்தைய நாள் வாத்தியத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். அதே சமயம் பக்கத்து ஊரான சௌசாலில் ஐந்து வருஷத்துக்குள் இரண்டு துவந்த யுத்தங்கள் முறையாக நடந்து முடிந்திருந்தன. ஒன்றில் ஒரு தொப்பியில் ஓட்டை விழுந்தது. அந்தத் தொப்பியைச் சௌசால்காரர்கள் நகராட்சிக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கர்னல் ஓய்வூதியம் வாங்க மாதம் ஒருமுறை அந்தப் பெட்டியைக் கடந்துதான் போக வேண்டும்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு மருந்துக்கடை உர்ருத்தி, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, பேசாத மைத்துனர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நிக்காசியோவின் வீட்டுக்கு வந்தார்.

"தொன் நிக்காசியோ, நாங்க ரெண்டு பேரும் உங்க துணையாளுங்க. உங்க சவாலை எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்."

"என்ன சவால்?"

"உங்க தகப்பனாரைப் பத்தி நேத்து விழுந்த வார்த்தைக்கு."

"அது ஓவிதியோ சொன்னது. நாளைக்கு சாயங்காலம் அவனே வருவான்."

"வர முடியாதுங்களே. துணையாளுங்களைப் போட்டாச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வாயைத் திறக்கக் கூடாது. விதி அப்படி."

"நான் யாரையும் போடலையே?"

"தீர்ப்பாயம் போட்டுட்டுது. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு."

நிக்காசியோ யோசித்தார். "இத பாருங்க உர்ருத்தி, எனக்கு மனசுல ஒண்ணும் பெரிசா இல்ல."

உர்ருத்தி உடனே பேனாவைத் திறந்தார். "அப்படின்னா, 'தகப்பனார் பெயருக்கு இழுக்கு வந்தாலும் தனக்கு ஒன்றுமில்லை என்று மகன் தெரிவித்தார்'னு எழுதிக்கிறேன்."

நிக்காசியோவின் முதுகெலும்பு தானாக நிமிர்ந்தது. "அப்படி எழுதக் கூடாது."

"வேற எப்படி எழுதறது? படிவத்துல இருக்கிறதே ரெண்டு கட்டம். ஒண்ணு, 'புண்பட்டார்'. இன்னொண்ணு, 'புண்படத் தெரியாதவர்'."

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் புண்பட்டார்னு ஒரு கட்டம் இல்லையா?"

"இல்லைங்க."

தொன் ஹஸிந்தோ தம் வாழ்நாளில் மகனிடம் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. பேசிய வார்த்தைகளில் பெரும்பாலானவை, கல்லை நேராகப் பிடி என்பதுதான். அவருடைய பெயரைப் 'புண்படத் தெரியாதவர்' என்ற கட்டத்துக்குள் வைக்க நிக்காசியோவுக்குக் கை வரவில்லை. முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

வந்தவர்கள் போனபின் மனைவி தொன்யா எவுஃபெமியா அடுக்களையிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏன் கிழவா, எதுல கையெழுத்துப் போட்ட?"

"ஓவிதியோவைச் சுடறதுக்கு."

"ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம் இருக்கே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தெரியல. சொல்லி அனுப்பறாங்களாம்."

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நிக்காசியோ வெந்நீர் வைத்து, மாத்தே இலையைக் குவளையில் நிரப்பி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். சொன்னபடி பெலுஃபோ தெருமுனையில் தெரிந்தார். கையில் பொட்டலம். ஆனால் வாசல் கதவருகே இன்னொரு கறுப்புக் கோட்டு நின்றது. அது கால்நடை மருத்துவர் மெந்தாரோ. பெலுஃபோவின் துணையாளாகத் தீர்ப்பாயம் போட்டிருந்த ஆள்.

"என்ன இது, தொன் ஓவிதியோ?"

"பிஸ்கோச்சோ."

"விளக்கமா, மன்னிப்பா?"

"சொன்னேனே, பிஸ்கோச்சோ. ரெண்டு பேரு திங்கறது."

"எழுத்துல இல்லாத விளக்கம் செல்லாது. எதிர்த்தரப்புக்கு நேரா உணவுப்பொருள் குடுக்கறது விதியிலேயே இல்ல. இப்படிக் குடுங்க, நான் தீர்ப்பாயத்துல ஒப்படைச்சுடறேன்."

பெலுஃபோ ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நிக்காசியோவும் கையை உயர்த்தப் போனார். அதற்குள் மெந்தாரோ நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 'எதிர்த்தரப்பின் வீட்டை நோக்கிக் கை ஓங்கினார்' என்று எழுதுவது தெரிந்ததால் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அவருடைய கோபம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புறப்பாட்டைத் தவறவிட்டது. உள்ளே தேடிப் பார்த்தால் கோபமும் இல்லை. வண்டி போய்விட்ட பிறகும் பயணி மட்டும் பெட்டியோடு நிற்பதுபோல் ஒரு வெறுமை. காகிதப்படி மட்டும் அவர் கடுங்கோபத்தில் இருந்தார்.

புதன்கிழமை போச்சாஸ் மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் விசாரணை. மேஜைமேல் பச்சைத் துணிக்கு மேலே தீர்ப்பாயத்தின் துப்பாக்கிப் பெட்டி, மைக்கூடு, பிஸ்கோச்சோ பொட்டலம். நோட்டரி மென்ச்சாக்கா வாசித்தார்: "சான்றுப் பொருள் ஒன்று. இருபத்திரண்டு எண்ணம். இனிப்பு பதினாலு, உப்பு எட்டு." பொட்டலத்தைத் திறந்தபோது ஆறு இருந்தது. "பருவநிலை காரணமாகக் குறைந்தது" என்று அதையும் வாசித்தார். பல் மருத்துவர் லர்ராவுரி மீசையைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

பெலுஃபோவை எதிர் மூலையில் சுவரைப் பார்த்து உட்காரவைத்திருந்தார்கள். பார்வை பரிமாறிக்கொள்வதும் பேச்சில் சேர்த்தியாம். நிக்காசியோவுக்கு நண்பனின் பிடரி மட்டும் தெரிந்தது. அதில் மாவு ஒட்டியிருந்தது.

கர்னல் எழுந்து நின்றார்.

"கனவான்களே! ஊருக்கு ஊரு ரோடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. ஆனா மானம்? பதினோரு வருஷமா இந்த ஊரு மானம் உறையிலேயே கிடக்கு. உறையில கிடக்கிற கத்தி துருப்பிடிக்கும். சில பேரு கேக்கலாம், கர்னலுக்கு ரத்த தாகமான்னு. இல்லவே இல்ல. ரத்தம் கேக்கறவன் காட்டுமிராண்டி. எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாலு பக்கம் நடவடிக்கைக் குறிப்பு, அடியில ஏழு கையெழுத்து, தலைநகர் பத்திரிகையில ஒரு பத்தி. முடிஞ்சா ஒரு தொப்பி."

நிக்காசியோ மரியாதையாகக் கையைத் தூக்கினார். "கர்னல் ஐயா, அவமானத்துக்குத் தரம் உண்டுன்னு சொன்னாங்க. இதை முதல் தரத்துல வெச்சுக்கலாமா? சின்னதா."

"முதல் தரம்னா கடிதத்தோட முடியும். ரெண்டாம் தரம்னா வாள். மூணாம் தரம்னா துப்பாக்கி. எங்ககிட்ட இருக்கிறது துப்பாக்கி."

சுவரைப் பார்த்தபடியே பெலுஃபோ சொன்னார். "கர்னல் ஐயா, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"தீர்ப்பாயம் கேட்டாத்தான் வாபஸ் வாங்கலாம். இன்னும் கேக்கல."

"எப்பக் கேப்பீங்க?"

"முதல் சுத்து சுட்டு முடிச்சப்புறம். அதுதான் நாகரிகம். சுடறதுக்கு முன்னாடி வாபஸ் வாங்கினா பயந்துட்டான்னு ஊரு பேசும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நோட்டரி மென்ச்சாக்கா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவர் நுணுக்கமான மனிதர். "ஒரு சங்கதி பாக்கி இருக்கு. காலஞ்சென்ற தொன் ஹஸிந்தோ நெசமாவே பண்ணைக்காரங்களுக்குச் சாதகமா அளந்திருந்தா, தொன் ஓவிதியோ சொன்னது அவமானம் இல்ல, தகவல். தகவலுக்குத் துவந்த யுத்தம் கிடையாது. அதனால நான் என் அலுவலகத்துல இருக்கிற பழைய பத்திரமெல்லாம் எடுத்துப் பாத்தேன்."

நிக்காசியோவுக்குக் காது சூடாகிவிட்டது. தகப்பனாரின் பெயரை இருபத்தாறு வருஷத்தில் பெலுஃபோ நூறு தடவையாவது இழுத்திருப்பார். அதெல்லாம் ஒன்றுமே செய்ததில்லை. இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கண்ணாடியைத் துடைப்பதுதான் சுட்டது.

"நாப்பத்தோரு பத்திரம்," என்றார் நோட்டரி. "நாப்பத்தொண்ணுலயும் ஒரு தகராறு இல்ல. ரெண்டு இடத்துல வேற சர்வேயரைக் கூட்டியாந்து மறு அளவை பண்ணியிருக்காங்க. ஒரு விரக்கடை பிசகல."

நிக்காசியோ மூச்சை விட்டார். சுவரோரம் இருந்த பிடரியும் சற்றுத் தளர்ந்தது.

கர்னல் மேஜையைத் தட்டினார். "பிரமாதம்! அப்போ சொன்னது பொய். பொய்னா மூணாம் தரம். இருபத்தஞ்சு அடி தூரம், ஆளுக்கு ரெண்டு குண்டு!"

ஒரு மனிதர் நாற்பத்தோரு நிலங்களை நேர்மையாக அளந்தால் அவருடைய மகனை ஒரு பேக்கரிக்காரர் சுட்டே தீர வேண்டும் என்பது இப்படித்தான் நிரூபணமாயிற்று.

"நோட்டரி ஐயா," என்று நிக்காசியோ கேட்டார். "இப்ப நீங்க சொன்னதை எழுதி ஒரு நகல் தருவீங்களா?"

"வழக்கு முடியற வரைக்கும் ரகசியம்."

நாள் குறிப்பதில் சற்றுச் சிக்கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் சௌசால் ஊரோடு. போச்சாஸ் மன்றத்துக்கும் கர்னல்தான் தலைவர். தொப்பியும் வேண்டும், கோப்பையும் வேண்டும். அதற்கேற்ப அவர் தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயிறு சாயங்காலம் ரெண்டு பேரும் தோளோடு தோள் நின்னு ஆடுங்க. திங்கள் காலையில எதிரெதிரே நின்னு சுடுங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஆட்டத்துல ஏதாவது கேக்கணும்னா துணையாளுங்க மூலமா, எழுத்துல கேளுங்க. மீறி யாராவது நேரா பேசினா, அவர் பேரை மானத்திலேர்ந்து நீக்கி மன்றத்துக் கதவுல ஒட்டிடுவோம்."

வீட்டில் எவுஃபெமியாவுக்கு இது பிடிபடவில்லை.

"நேரா பேக்கரிக்குப் போ. 'ஓவிதியோ, போதும்டா'ன்னு சொல்லு. அரைமணி நேர வேலை."

"பேசினா பேரை நீக்கிடுவாங்க."

"எதிலேர்ந்து?"

"மானத்திலேர்ந்து. பிதெகாராய்ங்கிற பேரைக் கதவுல ஒட்டுவாங்க. அதுக்கப்புறம் நம்மளை யாராவது அவமானப்படுத்தினா நாம சவால் விட முடியாது."

"அறுபத்தேழு வயசுல யாருக்குச் சவால் விடலாம்னு இருக்க?"

"கேள்வி அது இல்ல, எவுஃபெமியா. அது எங்கப்பா பேரு."

அவள் அவருடைய கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசி தட்டினாள். "திங்கக்கிழமை போட்டுக்கோ. ஓட்டை கீட்டை விழுந்தா நான்தான் தைக்கணும், பாத்து நில்லு." சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனவள், வெங்காயம் இல்லாமலே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் கால் வைக்க இடமில்லை. சௌசாலிலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். களத்தின் ஒரு முனையில் நிக்காசியோ, மறுமுனையில் பெலுஃபோ, நடுவே கறுப்புக் கோட்டுகள், வேலியோரம் சிறு மேஜை போட்டு நோட்டரி.

மூன்றாவது சுற்றிலேயே சங்கடம் ஆரம்பித்தது. எதிராளியின் பந்து சின்னப் பந்தை ஒட்டி நின்றது. அதை அடித்துத் தள்ளுவதா, நம் பந்தை மெல்ல உருட்டிப் பக்கத்தில் சேர்ப்பதா என்று பெலுஃபோவுக்குத் தெரிய வேண்டும். எந்த ஜோடியும் இதை ஒரு புருவ அசைவில் முடித்துவிடும். மெந்தாரோ தாளில் எழுதினார்: 'எதிர்த்தரப்பின் பந்தைத் தாக்குவதா, அதன் அருகே நம் பந்தைச் சேர்ப்பதா என்பது குறித்துத் தங்கள் தரப்புக் கனவானின் மேலான கருத்தை அறிய விழைகிறோம்.' அதை உர்ருத்தி வாங்கி, படித்து, நிக்காசியோவிடம் நீட்டினார்.

நிக்காசியோ எழுதினார்: 'அடி.'

மெந்தாரோ அதைத் திருப்பி அனுப்பினார். விளிச்சொல் இல்லை, வணக்கம் இல்லை, தேதி இல்லை. உர்ருத்தி அதைத் திருத்தி எழுதி முடிப்பதற்குள் நடுவர் நேரம் கடந்துவிட்டது என்று சுற்றையே எதிராளிக்குக் கொடுத்தார்.

சௌசால் அணித் தலைவன் வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "என்னப்பா, பெதெர்னால்ல பந்து உருட்டறதுக்கும் தபாலாபீஸ் தொறந்துட்டீங்களா? ஸ்டாம்பு எவ்வளவு?"

சௌசாலுக்குப் பதினொன்று, பெதெர்னாலுக்கு நான்கு. பதினைந்து எடுத்தால் ஆட்டம் முடிந்தது.

அடுத்த சுற்றில் பெலுஃபோ கடைசிப் பந்தைக் கையில் எடுத்தார். அடித்தாக வேண்டும், அதற்குத் தாள் தேவையில்லை. ஆனால் அவர் இடது பக்கமாகக் குறி பார்த்தார். வெள்ளிக்கிழமை மழையில் இடது பலகையோரம் தரை அமுங்கியிருந்தது. நிக்காசியோ நின்ற முனையிலிருந்துதான் அது தெரியும். அவர் தாளைக் கேட்டார். உர்ருத்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அங்கே பெலுஃபோவின் கை பின்னால் போயிற்று.

கதவில் ஒட்டிய தாள் நிக்காசியோவின் கண் முன்னே வந்தது. அதில் பிதெகாராய் என்று பெரிய எழுத்து. ஆனால் வண்டி தவறான தடத்தில் போவதைப் பார்த்துக்கொண்டு முப்பத்தைந்து வருஷத்தில் ஒருநாளும் அவர் சும்மா நின்றதில்லை.

"வலது பக்கம்டா, மடப்பயலே! இடது பக்கம் தரை இறங்கியிருக்கு! கண்ணுலயும் மாவை அப்பிக்கிட்டு வந்திருக்கியா?"

கர்னலின் வெர்முத் கோப்பை பாதி வழியில் நின்றது.

பெலுஃபோ திரும்பிப் பார்க்கவில்லை. புதன்கிழமை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு மட்டும் மெல்ல விரிந்தது. "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா, சிக்னல் கம்பம்! ஏழு புள்ளி பின்னாடி போனதுக்கப்புறந்தான் கை இறங்குமோ?" சொல்லிக்கொண்டே வலது பக்கம் வீசினார். எதிராளியின் பந்து டக்கென்று சிதறிப் பலகையில் போய் மோதியது.

"அட, குருட்டுப் பூனை எலி பிடிச்சிட்டுதே!" என்றார் நிக்காசியோ.

"உன்ன மாதிரி பச்சைக்கொடி புடிச்சுக்கிட்டே நிக்கச் சொல்றியா?"

அதன்பின் ஒரு வாரத்துப் பேச்சு மொத்தமும் அணை உடைத்தாற்போல் வந்தது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வசவு, ஒவ்வொரு வசவுக்கும் ஒரு புள்ளி. நோட்டரி மென்ச்சாக்கா தலை நிமிராமல் எழுதினார். மடையன், இரண்டாம் தரம். சிக்னல் கம்பம், தொழிலை இழிவுபடுத்தியது, மூன்றாம் தரம். கழுதை, எத்தனையாம் தரம் என்று பார்க்க வேண்டும்.

பதின்மூன்றுக்குப் பதினான்கு என்ற நிலையில் பெலுஃபோ ஒரு பந்தைக் கோட்டைவிட்டார். நிக்காசியோவுக்குத் தாங்கவில்லை. "கை அப்படியே உங்கப்பன் கைடா! அவன் சுட்ட ரொட்டியை வெச்சு ரயிலையே நிறுத்தலாம்!"

இது தகப்பன் வரைக்கும் போய்விட்டது. மெந்தாரோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

பெலுஃபோ அவரைக் கையால் ஒதுக்கினார். "நோட்டரி ஐயா, அது அவமானம் இல்ல. தகவல். எழுதிக்கோங்க, நானே கையெழுத்துப் போடறேன். அந்த ரொட்டியைத் தின்னு ரெண்டு பல்லு போச்சு எனக்கு."

சிரிப்பில் வேலி ஆடியது. நோட்டரியிடம் தாள் தீர்ந்துவிட்டது. புள்ளித் தாளைப் பிடுங்கி அதன் பின்பக்கம் எழுதினார். பெதெர்னால் பதினைந்துக்குப் பதினான்கு என்று ஜெயித்த அந்தக் கடைசிப் பந்தை நடுவரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் நோட்டரியின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோப்பையைக் கொடுக்கும் வேளையில் கர்னலுக்குச் சிக்கல். வீரர்களோடு கை குலுக்கலாமா கூடாதா என்பது தீர்மானமாகவில்லை. கோப்பையைத் துணையாள்களிடம் கொடுத்து, துணையாள்களோடு கை குலுக்கிவிட்டுப் பில்லியர்ட்ஸ் அறைக்குள் போனார். தீர்ப்பாயம் உடனே கூடியது; நண்பர்கள் இருவரையும் உள்ளே அழைத்தார்கள், சௌசால்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நோட்டரி கூட்டிப் பார்த்தார். "தொன் நிக்காசியோ தரப்பில் பதினேழு அவமானம். தொன் ஓவிதியோ தரப்பில் பத்தொன்பது. ஆக முப்பத்தாறு துவந்த யுத்தம். பெட்டியில இருக்கிறது பன்னண்டு குண்டு."

"தலைநகருக்கு எழுதி வரவழைக்கலாம்," என்றார் கர்னல். குரலில் ஆசை இருந்தது.

பல் மருத்துவர் லர்ராவுரி அந்த வாரத்தில் முதன்முறையாகக் கண்ணைத் திறந்தார். "வாரத்துக்கு ஒண்ணுன்னாலும் ஒம்பது மாசம் ஆகும். எல்லாம் விடியக்காலையில. என்னால எழுந்திரிக்க முடியாது. ரெண்டு பேரையும் நீக்கித் தொலைங்க."

கர்னல் நெடுநேரம் துப்பாக்கிப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "இவங்களுக்கு மானம்னா என்னன்னே தெரியல. திட்டிக்கிறாங்க, அடுத்த நிமிஷம் சிரிக்கிறாங்க. இப்படிப்பட்ட ஆளுங்களை வெச்சுக்கிட்டு ஒரு தீர்ப்பாயம் என்னதான் பண்ணும்? நீக்குங்க."

நிக்காசியோ விறைப்பாக எழுந்து நின்றார். "பேசினது நான். என்னை நீக்குங்க. ஆனா கதவுல ஒட்டப்போற தாளில் எங்கப்பா பேரும் இருக்கு. அதுக்கு என்ன எழுதப் போறீங்க?"

"அதுக்கு விதி இருக்கு," என்றார் நோட்டரி. நுணுக்கமான மனிதர் என்று சொன்னோம் அல்லவா. "ஒருத்தர் விழுந்துட்டார்னு எழுதணும்னா, எங்கேர்ந்து விழுந்தார்னும் எழுதணும்." பேனாவை மையில் தோய்த்து எழுதி, வாசித்தார்:

"'நாற்பத்தோரு பத்திரங்களில் ஒரு விரக்கடையும் பிசகாத, மாவட்டம் முழுவதும் மறுப்பின்றி ஏற்ற, மாசற்ற அளவையாளர் தொன் ஹஸிந்தோ பிதெகாராய் அவர்களின் தகுதியற்ற மகன் நிக்காசியோ இன்றுமுதல் மானத்திலிருந்து நீக்கப்படுகிறார்.'"

"இன்னொரு தடவை வாசிங்க," என்றார் நிக்காசியோ.

வாசித்தார்.

"இன்னும் ஒரு தடவை. கொஞ்சம் உரக்க. இந்தப் பக்கம் சௌசால்காரங்களுக்குக் கேக்கல."

மூன்றாம் முறை வாசித்தபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். 'தகுதியற்ற மகன்' என்ற இடத்தில் தலையை ஒருமுறை அசைத்து ஆமோதித்தார். பிறகு கேட்டார். "மூணு நகல் வேணும். கதவுல ஒட்டறது நல்ல பெரிய எழுத்தா இருக்கட்டும்."

திங்கள்கிழமை தாள் கதவில் ஏறியது. அன்று மாலைக்குள் ஊரே அதைப் படித்துவிட்டது. தாளின் அடியில், நீக்கப்பட்டவர்களை எவரும் சவாலுக்கு அழைக்கவோ தீர்ப்பாயம் விசாரணைக்கு அழைக்கவோ முடியாது என்று விதிப்படி ஒரு வரி இருந்தது. மாதக் கடைசிக்குள் பதினேழு பேர் தங்களையும் நீக்கும்படி மனுப் போட்டார்கள். உர்ருத்தியும் மெந்தாரோவும் அதில் உண்டு. தீர்ப்பாயம் வாரத்துக்கு இரண்டு தடவை கூட வேண்டியதாயிற்று. பதினோரு வருஷத்தில் தமக்கு இவ்வளவு வேலை இருந்ததில்லை என்று கர்னல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு பெலுஃபோ கதவைத் தட்டினார். வாசலில் யாருமில்லை. மாத்தே குவளை கை மாறியது. எவுஃபெமியா பொட்டலத்தைப் பிரித்து இருபத்திரண்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாள்.

பெலுஃபோ குவளையை நீட்டிக்கொண்டே சொன்னார். "டேய், ஒண்ணு உறுத்துது."

"என்ன?"

"உன் தீர்ப்புல உங்கப்பனைப் பத்தி மூணு வரி. என்னதுல, 'பேக்கரி பெலுஃபோ, தகுதியற்றவர்', முடிஞ்சது. எங்கப்பன் பேரே காணோம். யோசிக்க யோசிக்க எனக்கு ரொம்ப அவமானமா இருக்குடா."

நிக்காசியோ குவளையை வாங்கி, வெந்நீரை நிதானமாக ஊற்றி, உறிஞ்சிக் குடித்தார்.

"அதெல்லாம் இருக்க முடியாது," என்றார். "அவமானப்படறதுக்கு உனக்குத்தான் தகுதி கிடையாதே. உப்பு பிஸ்கோச்சோவை இந்தப் பக்கம் தள்ளு."